எழும்புகிற பலம்

நிந்தவூரில் ஒருவருக்கு வயது போய்விட்டது என்பதை ஊர் முதலில் கண்டுகொள்வது பள்ளிவாசலில்தான். நேற்றுவரை ஸஃப்பில் தோளோடு தோள் நின்றவர், இன்று ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தொழுகிறார். நிற்க ஏலாதவர் இருந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. அதில் யாருக்கும் வெட்கம் வேண்டாம். ஆனால், கதிரைக்கு வருமுன் அந்தக் கால்களுக்கு என்ன நடந்தது என்று நாம் கேட்பதேயில்லை.

ஐந்து வேளைப் பர்ளு மட்டும் 17 ரக்அத். ஒவ்வொரு ரக்அத்தும் முடியத் தரையிலிருந்து எழும்ப வேண்டும். தொழுகை அல்லாஹ்வுக்கான வணக்கம், தேகப்பயிற்சி அல்ல. ஆனாலும் எழும்பும்போது உடம்பைத் தூக்குவது தொடைத் தசை. முப்பது வயதுக்குப் பிறகு தசை மெல்லக் குறைகிறது, அறுபதைத் தாண்டினால் இன்னும் விரைவாக. பாவிக்காவிட்டால் கேட்கவே வேண்டாம். 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் 20 வயதுடைய 5 இளைஞர்களை மூன்று கிழமை கட்டிலிலேயே படுக்கவைத்து ஆராய்ந்தார்கள். 30 வருடம் கழித்து அதே ஐவரையும் திரும்பச் சோதித்தார்கள். அந்த மூன்று கிழமைப் படுக்கை அவர்களின் உழைக்கும் திறனைக் குறைத்த அளவுக்கு, 30 வருட வயதுகூடக் குறைத்திருக்கவில்லை.

இதை நினைத்துக்கொண்டு எங்கள் வீடுகளைப் பார்க்கிறேன். மகளைக் கல்யாணம் முடித்துக் கொடுத்தால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் சின்ன வீட்டுக்கோ ஓர் அறைக்கோ ஒதுங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டோடு வேலையும் கைமாறிவிடுகிறது. "நீங்க சும்மா இரிங்க உம்மா, நான் செய்றன்" என்கிறாள் மகள். வாப்பா பள்ளிக்கு நடக்கப் புறப்பட்டால், "ஏறுங்க மூத்தாப்பா" என்று பேரன் மோட்டார் சைக்கிளைத் திருப்புகிறான். எல்லாம் பாசம்தான். ஆனால் வயலுக்குப் புஷ் சைக்கிள் மிதித்து, வரம்பில் நடந்து, மூட்டை சுமந்த மனிதர் அந்தப் பாசத்தாலேயே விறாந்தைக் கதிரையோடு ஒன்றிப்போகிறார்.

என் உம்மா விளக்குமாற்றை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. சுபஹு தொழுதுவிட்டு வாசல் கூட்டுவார். தேங்காய் துருவத் தரையில்தான் இருப்பார். எழும்பும்போது வலது கையைத் தரையில் ஊன்றி, இடது பாதத்தை முன்னால் வைத்து, ஒரு மூச்சு இழுத்து, முழங்காலைக் கையால் அழுத்தி நிமிர்வார். நான் கை நீட்டினால், "உடு மகன்" என்பார். சீனி வருத்தமும் முழங்கால் நோவும் அவருக்கும் உண்டு. ஆனால் தன் வேலைக்குத் தானே எழும்புகிறார்.

'இனி இந்த வயதில் என்ன' என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990இல் வெளியான ஆய்வொன்றில், மரியா ஃபியற்றரோனும் அவர் குழுவினரும் பொஸ்டனில் 86 முதல் 96 வயது வரையான 10 பேருக்கு 8 கிழமை பாரம் தூக்கும் கால் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் தொடைப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 65 வயதைத் தாண்டியவர்கள் கிழமைக்கு 150 நிமிடமாவது சற்று வேகமாக நடப்பதோடு, மூன்று நாளாவது பலத்துக்கும் சமநிலைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. நடை மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். உறுதியான கதிரையைச் சுவரோடு போட்டு, கை ஊன்றாமல் மெல்ல எழும்பி மெல்ல இருப்பதிலேயே தொடங்கலாம். நோவோ நெஞ்சு வருத்தமோ உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு கடற்கரை மணலில் நடக்கக் கூடாது.

பெண்களுக்கு இது இன்னும் கடினம். ஆண்களுக்குப் பள்ளிக்குப் போகும் வழியாவது நடையாகிறது. வயதான பெண்கள் பலருக்கு வளவின் வேலிதான் எல்லை. அக்கம்பக்கத்து ராத்தாமார் நாலு பேர் சேர்ந்து வெயில் ஏறுமுன் நடப்பதற்கு வெளிச்சமும் மட்டமான பாதையும் ஊர் கொடுக்க வேண்டும்.

பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமே சொல்கிறது. சோறும் கிளினிக் மருந்தும் கொடுத்ததோடு அந்தக் கடமை முடியாது. குளியலறையில் ஒரு கைபிடி பூட்டுங்கள். அஸருக்கு மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, வாப்பாவின் நடைக்கு உங்கள் நடையைக் குறைத்துக் கூடப் போங்கள். உம்மாவால் செய்ய ஏலுமான வேலையை அவரிடமே விடுங்கள். நமக்கு இரண்டு நிமிட வேலை அவருக்குப் பத்து நிமிடம் எடுக்கும். பார்த்துக்கொண்டு நிற்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையை நாம் இப்போதே பழகினால்தான், நாளை நமக்கு வயது போகும்போது நம் பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருக்கும்.