வரைபவர் ஒருவர், பெயர் போடுபவர் இன்னொருவர்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ‘இன்டீரியர் டிசைனர்’ என்பது யார் வேண்டுமானாலும் சூட்டிக்கொள்ளும் பெயர் அல்ல. 1984-இல் வந்த சட்டம் அதை மாகாணச் சங்கத்தில் பதிவு பெற்றவர்களுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. சென்னையிலோ கொழும்பிலோ பட்டம் வாங்கி, பத்து வருடம் வீடுகளும் ஓட்டல்களும் செய்து பழகிய ஒருவர் டொரன்டோவில் வந்திறங்கி அந்தப் பெயரை விசிட்டிங் கார்டில் அடித்தால் அது சட்டமீறல். உள்ளலங்கார வேலையைச் செய்வதற்கு மட்டும் தடை இல்லை. அந்தச் சட்டம் காவல் காப்பது பெயருக்குத்தான், தொழிலுக்கு அல்ல.

வெளிநாட்டுப் பட்டத்தை இப்படி வாசலில் நிறுத்திவைப்பது அநியாயம் என்ற பேச்சு புலம்பெயர்ந்தவர்கள் கூடுமிடமெல்லாம் கேட்கும். அது பாதி உண்மை. மீதிப் பாதியை முதலில் பார்த்துவிட வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது அங்கேதான்.

சென்னையில் சுவர் என்றால் செங்கல். துளை போட்டு அலமாரி மாட்டலாம், மாடம் வெட்டி விளக்கு வைக்கலாம். டொரன்டோ வீட்டின் உட்சுவரோ மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. இரண்டு குடியிருப்புகளைப் பிரிக்கும் சுவரும் கூரையும், தீயை இவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் கட்டியவை. அழகுக்காக அதில் யோசிக்காமல் ஒரு மாடம் வெட்டினால் அந்தக் கணக்கு அங்கேயே போச்சு. ஜன்னலும் அப்படித்தான். நம் ஊர் ஜன்னலுக்குக் கம்பி வைக்கும் கைக்குத் திருடனைப் பற்றிய பயம்; ஒன்டாரியோ கட்டட விதிக்குத் தீயைப் பற்றிய பயம். படுக்கையறை இருக்கும் தளத்தில், நேரே வெளியேறும் கதவோ ஸ்பிரிங்க்ளரோ இல்லையென்றால், கருவி எதுவும் இல்லாமல் உள்ளிருந்து திறக்கிற ஒரு ஜன்னலாவது வேண்டும் என்பது பொதுவிதி. திறப்பின் பரப்பு 0.35 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. அகலத்தை 380-இல் நிறுத்தினால் உயரம் 920-ஐத் தாண்டியாக வேண்டும். டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பேஸ்மென்டைத் திருத்தி வாடகைக்கு விடுவது தமிழர் வீடுகளில் சாதாரணம். அங்கே படுத்துத் தூங்குபவர் பல சமயம் போன மாதம் வந்திறங்கிய மாணவர்.

2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘ஸ்டேஷன்’ என்ற இரவு விடுதி எரிந்து 100 பேர் இறந்தார்கள். மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி, ஓசையை அடக்கச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரையில் பட்டது. சுவரில் எதை ஒட்டுவது என்பது உள்ளலங்காரத் தீர்மானம்தான். ஆகவே ஊர் மாறினால் விதியைத் திரும்பப் படித்துப் பரீட்சை எழுதச் சொல்வதில் அவமானம் எதுவும் இல்லை.

ஆனால் பரீட்சை வேறு, வேலி வேறு. அதே ஒன்டாரியோவில், பிறருக்காகக் கட்டட அனுமதி வரைபடம் தயாரிப்பவர், கட்டடக் கலைஞரோ பொறியாளரோ அல்லாவிட்டால், அரசுத் தேர்வில் தேறி ‘பி.சி.ஐ.என்.’ என்ற எண்ணைப் பெற வேண்டும். அந்தத் தேர்வு எழுத எந்த நாட்டுப் பட்டம் என்று கேட்பதில்லை. விதி தெரியுமா என்றுதான் கேட்கிறது. தூங்குபவரைக் காப்பது இந்த எண். டிசைனர் என்ற பெயருக்கான வழி நீளமானது: ஏற்கத்தக்க பட்டம், ‘என்.சி.ஐ.டி.க்யூ.’ தேர்வு, அதற்கு முன் துறைப் பட்டதாரிக்கே 3,520 மணி நேர அனுபவம், அதற்கு மேற்பார்வையாளரின் சாட்சி. கோவையில் மூடிப்போன ஓர் அலுவலகத்தில் செய்த வேலைக்கு யார் வந்து சாட்சி சொல்வது? பதிவு பெற்றவர் யார் என்று வாடிக்கையாளருக்குத் தெரிவது நல்லதுதான். ஆனால் ‘டெக்கரேட்டர்’ என்று பலகை மாட்டிக்கொண்டால் அந்த நல்லதையும் சுற்றிக்கொண்டு போய்விடலாம்.

சட்டத்தைவிட அறத்தில் தாழ்ந்து நிற்பது சில அலுவலகங்களின் நடத்தை. புதிதாய் வந்தவரின் பத்து வருட அனுபவத்தைக் காட்டி வேலை பிடிக்கிறார்கள். சம்பளம் பேசும்போது மட்டும் ‘கனடா அனுபவம் இல்லையே’ என்கிறார்கள். அந்த அனுபவத்தைக் கட்டாயமாக்குவது முதல் பார்வைக்கே பாரபட்சம்தான் என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-இல் கொள்கையாகவே அறிவித்தது. இருந்தும் வரைபவர் டிராஃப்ட்ஸ்மேன் கூலியில் இருக்கிறார். தாளின் வலது மூலைக் கட்டத்தில், வரைபடத்தை விரித்தும் பார்க்காத இன்னொருவரின் கையெழுத்து ஏறுகிறது. கையெழுத்து என்பது பொறுப்பை ஏற்பது. படிக்காமல் போடுபவர் உழைத்தவரை ஏமாற்றுகிறார், குடியிருக்கப் போகிறவரையும் ஏமாற்றுகிறார்.

வந்தவர் பக்கமும் தவறு இல்லாமல் இல்லை. தனக்கு இல்லாத பெயரை இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொள்வது சிறு பொய். இன்னொருவரின் பி.சி.ஐ.என். எண்ணைக் காசு கொடுத்து வாங்கி வரைபடத்தில் ஒட்டுவது சிறு பொய்க் கணக்கில் வராது. வாடகையும் பிள்ளையின் பள்ளிச் செலவும் அவரை ஏன் அங்கே தள்ளின என்று புரிந்துகொள்ளலாம். அதற்காகச் சரி என்று சொல்ல முடியாது. எண்ணை விற்றவர் அவரைவிடப் பெரிய குற்றவாளி, ஏனென்றால் அவருக்கு அந்த நெருக்கடியும் இல்லை.

பேஸ்மென்ட் திருத்தப் போகிறவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: வரைபடத்தில் இருக்கும் இந்த எண் யாருடையது, அவர் வீட்டை நேரில் வந்து பார்த்தாரா? பதில் திருப்தியாக இருந்தால், வரைந்தவரின் பெயரையும் தாளில் போடச் சொல்லுங்கள்.