சோணனின் செருப்பு

இராசகிருகத்தை அடுத்த சீதவனத்தில் சோணன் என்ற இளந்துறவி நடந்தபடியே தியானம் செய்தார். செல்வர் வீட்டுப் பிள்ளை, மென்மையான பாதம். உள்ளங்கால் கிழிந்து நடைபாதை ரத்தமானது. அப்படியும் ஞானம் கைகூடாததால், வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தார். புத்தர் வந்து, துறவுக்கு முன் அவர் மீட்டிய வீணையைப் பற்றிக் கேட்டார். நரம்பை அளவுக்கு மீறி இறுக்கினாலும் தளர்த்தினாலும் நல்ல இசை பிறக்காது என்பது சோணனுக்கே தெரிந்த விஷயம்.

விநய பிடகத்தில் வரும் இந்தக் கதையை, பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை ஓடவைத்தே வயதான நான் அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். உடம்பை வருத்துவது எதுவரைக்கும் தவம்?

ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார்கள். 1987 லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தானில் ஓடியவர்களை டேவிட் நீமன் குழு விசாரித்தது. அடுத்த வாரத்தில் சளி, காய்ச்சல் என்று சொன்னவர்கள் 12.9 சதவீதம். அதேபோல் பயிற்சி செய்தும் பந்தயத்தில் ஓடாதவர்களில் 2.2 சதவீதம்தான். நீண்ட, கடுமையான ஓட்டத்துக்குப் பின் ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் குறைவதும் தெரிந்திருந்தது. அளவு மீறினால் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும் என்றார்கள்.

2018இல் பாத் பல்கலைக்கழகத்தின் ஜான் கேம்பலும் ஜேம்ஸ் டர்னரும் இதை மறுத்தார்கள். அந்த அணுக்கள் அழியவில்லை, நுரையீரல், குடல் போன்ற கிருமி நுழையும் இடங்களுக்குக் காவலுக்குப் போயிருக்கின்றன என்பது அவர்கள் வாதம். சளி பிடித்ததற்குக் கூட்டமும் பயணமும் தூக்கக் கேடும் காரணமாகலாம். வழக்கு இன்னும் முடியவில்லை.

இந்த மறுப்பை நான் வரவேற்கிறேன். மிதம் என்ற நல்ல பெயரில் சோம்பல் ஒளிந்துகொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். நீமனே பின்னர் 1,002 பேரை 12 வாரம் கவனித்தார். வாரம் ஐந்து நாளுக்குக் குறையாமல் உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சளித்தொல்லை இருந்த நாட்கள், அசையாதிருந்தவர்களைவிட 43 சதவீதம் குறைவு. புத்தரும் சோணனை உட்காரச் சொல்லவில்லை. ஒற்றைத்தோல் செருப்பு அணிய அனுமதித்தார். மற்ற துறவிகளுக்கும் உண்டென்றால்தான் போடுவேன் என்றார் சோணன். அனைவருக்கும் அனுமதி கிடைத்தது. வீணையைவிட எனக்கு இந்தச் செருப்புதான் பெரிதாகப் படுகிறது. முயற்சியும் குறையவில்லை, பாதமும் பிழைத்தது.

கால்களை என்னால் ஏவ முடியும். வெள்ளை அணுக்களை ஏவ முடியாது. மனஉறுதி என்று நாம் கொண்டாடுவதன் அதிகாரம் தசையோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால், நம்மைக் கேட்காமலே நமக்காக இரவும் பகலும் ஒரு பெரும் உழைப்பு நடக்கிறது. வள்ளுவர் தவத்தைச் சொல்லும்போது, தன் துன்பத்தைப் பொறுப்பதோடு பிற உயிருக்குத் தீங்கு செய்யாமையையும் சேர்த்தே வைத்தார். நமக்குள் உழைக்கும் அந்தச் சிற்றுயிர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அவற்றுக்குரிய சோற்றையும் தூக்கத்தையும் பறித்துச் செய்யும் பயிற்சி எவ்வளவு கடுமையானாலும் தவமாகாது. ஒருவருக்கு அந்த எல்லை பத்து கிலோமீட்டரில் வரலாம், இன்னொருவருக்கு நாற்பதில்.

மாவட்டப் போட்டிக்கு முந்தின இரவு காய்ச்சல் மாத்திரை விழுங்கிவிட்டு வரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். நெற்றியைத் தொட்டால் சுடும். “ஒண்ணுமில்ல சார், ஓடிருவேன்” என்பார்கள். வைரஸ் காய்ச்சலோடு உடம்பைக் கடுமையாக வருத்தினால் இதயத் தசையே அழற்சி காணும் ஆபத்து உண்டு. பயிற்சியாளர்களே, பெற்றோரே, எந்தப் பதக்கம் கைநழுவிப் போனாலும் சரி, அந்தப் பிள்ளையை அன்று ஓடவிடாதீர்கள்.