ஆட்சேபணை இல்லை

"மேடம், நீங்க திரும்பி வந்துடுவீங்கன்னு எதை வச்சுக் காட்டப் போறோம்?" என்று கேட்டார் பயண முகவர்.

ஐரோப்பாவில் ஒரு கவிதை விழாவுக்கு அழைத்திருந்தார்கள். ஆறு நாள் பயணம். விமானச் சீட்டும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. ஷெங்கன் விசாவுக்கான கோப்பை நான் தயாரிக்க வேண்டும். அழைப்புக் கடிதம், கல்லூரியின் விடுப்பு அனுமதி, சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு. எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு முகவர் கேட்டார்: "சொந்த வீடு?" இல்லை. "பசங்க?" இல்லை. "சார்?"

சார் இருக்கிறார். அப்போது நாங்கள் பிரிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நீதிமன்றம் ஏறி இறங்க இருவருக்குமே அலுப்பாக இருந்ததால் காகிதத்தில் மட்டும் கணவன் மனைவியாக இருந்தோம்.

"அப்பப் பிரச்சினையே இல்ல மேடம். சார்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிடுங்க. என் மனைவி இந்தத் தேதி போயிட்டு இந்தத் தேதி வந்துடுவாங்க, எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு. மேரேஜ் சர்டிபிகேட்டையும் சேர்த்துடலாம். ஃபைல் ஸ்ட்ராங்கா இருக்கும்."

விதியில் அப்படி இருக்கிறதா என்று கேட்டேன். "ரூல்ல இல்ல. வச்சா நல்லது" என்றார்.

கடிதத்தை நானே தட்டச்சு செய்து வாட்ஸப்பில் அனுப்பினேன். மறுநாள் கையெழுத்துடன் திரும்பி வந்தது. "நல்லபடியாப் போயிட்டு வா" என்றும் எழுதியிருந்தார். விசா கிடைத்தது. போனேன். பெண்ணுடல் பற்றியும் விடுதலை பற்றியும் எழுதிய கவிதைகளை வாசித்தேன். கைதட்டினார்கள். சொன்ன தேதியில் திரும்பினேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒரு கருத்தரங்குக்காக அதே விசாவுக்கு விண்ணப்பித்தாள். திருமணமாகாதவள். தந்தை இல்லை. விடுதியில் தங்கி உதவித்தொகையில் படிப்பவள். மறுப்பு வந்தது. அச்சிட்ட படிவத்தில் ஒரு கட்டத்தில் மட்டும் குறி போட்டிருந்தார்கள்: விசாக் காலம் முடிவதற்குள் வெளியேறும் எண்ணம் உங்களுக்கு இருக்கிறதா என்பதில் நியாயமான ஐயம் உள்ளது. கட்டிய கட்டணம் திரும்ப வராது. "மேடம், உங்களுக்குக் கெடச்சதே, நீங்க என்ன வச்சீங்க?" என்று கேட்டாள். "காலேஜ் லெட்டரும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்தான்" என்றேன்.

அந்த இன்னொரு கடிதத்தைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் விதியைப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசாச் சட்டத்தின் பின்னிணைப்பு ஒன்று, விண்ணப்பதாரர் திரும்பிச் செல்வார் என்று மதிப்பிட உதவும் ஆவணங்களைப் பட்டியலிடுகிறது: திரும்பும் பயணச்சீட்டு, பணவசதி, வேலை, அசையாச் சொத்து, வாழும் நாட்டோடு உள்ள பிணைப்பு. அந்தக் கடைசி வகையில் வருகின்றன குடும்ப உறவும் தொழில்நிலையும். அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. சுற்றுலா விசா கேட்டு வருபவரைக்கூட, அவர் வேறுவிதமாக மெய்ப்பிக்கும்வரை, குடியேற வந்தவராகவே அது கருதுகிறது.

இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. 1795இல் நிலையான அமைதியைப் பற்றி எழுதிய காண்ட், அந்நியருக்கு வந்து பார்க்கும் உரிமையைத்தான் தந்தார். தங்கிவிடும் உரிமையைத் தரவில்லை. ஆனால் வந்தவரைப் பகைவராக நடத்தக் கூடாது என்றும் சொன்னார். பூமி உருண்டை. மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது, ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது அவர் வாதம்.

என் சிக்கல் வேறு. "திரும்பி வருவேன்" என்பது ஒரு வாக்குறுதி. வாக்குறுதியை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். விசா விதி இரண்டையும் செய்வதில்லை, ஈடு கேட்கிறது. அடகுக்கடைக்காரர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, நகையைத்தான் உரசிப் பார்க்கிறார். அவரிடம் போய் என்னை நம்புங்கள் என்று சொல்ல முடியாது. விசாவுக்கு எதை ஈடாக வைப்பது? சொத்து உள்ளவர் சொத்தை வைக்கிறார். நம் ஊரில் நிலமும் வீடும் பெரும்பாலும் யார் பெயரில் இருக்கின்றன என்பது தெரிந்ததுதான். சொத்தில்லாத பெண் தன்னைக் கட்டிவைத்திருப்பவரையே ஈடாக வைக்கிறாள்.

விதியின் சொற்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். என் துறையில் ஆண் பேராசிரியர்கள் பலர் வெளிநாடு போய் வந்திருக்கிறார்கள். மனைவிக்கு ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை இணைத்ததாக அவர்களில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்தக் கடிதத்தைத் தூதரகம் கேட்கவில்லை, முகவர்தான் கேட்டார். எங்கே எது செல்லும் என்று அவருக்குத் தெரியும். பெண் எங்கே போனாலும் யாரோ ஒருவர் அனுப்பித்தான் போயிருக்க வேண்டும் என்று உலகம் நினைப்பதை அவர் தன் தொழிலில் கற்றிருக்கிறார்.

நான் தமிழ் படித்தவள். பெண்ணோடு கடற்பயணம் இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் சொல்வதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறேன். மாணவிகள் சிரிப்பார்கள், பழங்கதை என்று நானும் சிரிப்பேன். சவூதி அரேபியாவில் பெண்கள் ஆண் காப்பாளரின் அனுமதியில்லாமல் பாஸ்போர்ட் பெற வழி பிறந்தது 2019இல்தான். ஈரானின் மகளிர் ஃபுட்சால் அணித் தலைவி நிலூஃபர் அர்தலான், 2015இல் கணவர் அனுமதி தராததால் ஆசியப் போட்டிக்குப் போக முடியாமல் நின்றார். இலங்கையில் 2013இல் வந்த விதி, வீட்டுவேலைக்காக வெளிநாடு செல்லும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் போக முடியாது. 2022இல்தான் அது தளர்ந்தது. என்னிடம் முகவர் "பசங்க?" என்று கேட்டது, குழந்தை இருந்தால் விசா எளிது என்பதற்காக. வளைகுடா வீடொன்றில் பாத்திரம் தேய்க்கப் போக நினைத்த இலங்கைத் தாய்க்குக் குழந்தை இருந்தால் பயணமே இல்லை. பெண்ணின் பிள்ளையை ஓரிடத்தில் ஈடாகவும் மற்றோரிடத்தில் தடையாகவும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு இடத்திலும் அவள் சொல்லை யாரும் கேட்கவில்லை.

பெண்ணின் சொல்லை எல்லை நம்ப மறுக்கும்போது அது எதுவரை போகும் என்பதற்கு 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நடந்தது சாட்சி. முப்பத்தைந்து வயதான இந்திய ஆசிரியை ஒருவர் தன் வருங்காலக் கணவரை மணக்க வந்திறங்கினார். அன்றைய விதிப்படி, மணமுடிக்க வரும் பெண்ணுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. மனைவியாக வருபவர் இந்தியாவிலேயே காத்திருந்து அனுமதி பெற வேண்டும். இவர் ஏற்கெனவே மணமானவர், பொய் சொல்கிறார் என்று அதிகாரிகள் சந்தேகித்தார்கள். ஆண் மருத்துவர் ஒருவரைக் கொண்டு கன்னித்தன்மைச் சோதனை செய்தார்கள். மணமாகாத இந்தியப் பெண் என்றால் கன்னியாகத்தான் இருப்பாள் என்பது அவர்களது தர்க்கம். பிப்ரவரியில் கார்டியன் நாளிதழ் அதை வெளிக்கொண்டுவந்த பிறகு சோதனை நிறுத்தப்பட்டது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலும் பல பெண்கள் இதே சோதனைக்கு ஆளானதைப் பின்னாளில் ஆவணக் காப்பகக் கோப்புகள் காட்டின.

அந்த அவமதிப்பையும் என் கடிதத்தையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். என்னை யாரும் தொடவில்லை. வற்புறுத்தவும் இல்லை. ஆனால் அந்த ஆசிரியையின் வாய்ச்சொல் போதாது என்று எது நினைத்ததோ, அதற்குத்தான் நானும் என் கடிதத்தால் பதில் சொன்னேன். அவரிடமிருந்து பறித்தார்கள். நான் நானாகவே எடுத்து நீட்டினேன்.

நான் பொய் சொன்னேனா? கோப்பிலிருந்த ஒவ்வொரு காகிதமும் உண்மை. திருமணம் உண்மை, கையெழுத்து உண்மை, ஆட்சேபணை இல்லை என்பதும் உண்மை. ஆனால் நான் அவருக்காகத்தான் திரும்புவேன் என்று அந்தக் காகிதங்கள் சேர்ந்து சொன்னதே, அது பொய். நான் திரும்பியது திங்கட்கிழமை வகுப்புக்காக, பாதியில் நின்ற நூலுக்காக, நான் யோசிக்கும் மொழி நாள் முழுக்கக் காதில் விழும் தெருவுக்காக. இவற்றையும் பிணைப்பு என்றுதான் சொல்லுவேன். இவற்றுக்கு நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்க முடியாது.

மாணவியிடம் மறைத்தது வெட்கத்தால் என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கம் பாதிதான். பிரிந்து வாழும் சுதந்திரமான பெண் என்று அவள் என்னை நினைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பிம்பத்தைக் காப்பாற்ற அவளைத் தவிக்க விட்டேன். தன் கோப்பில் தன்னால்தான் ஏதோ குறை என்று அவள் ஒரு மாதம் நம்பினாள். கடிதம் வாங்கியதைக் காட்டிலும் இதுதான் பெரிய தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு ஒரு மாலை எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். மீண்டும் விண்ணப்பிக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவளுடைய முகவர் அண்ணனிடம் கடிதம் வாங்கச் சொல்லியிருந்தார். "வைக்கலாமா மேடம்?" என்றாள். வைக்காதே என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. வை என்று சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "வச்சுடறேன் மேடம். நீங்களும் வச்சுத்தானே போனீங்க. ஆனா போயிட்டு வந்து இதைப் பத்தி எழுதணும்."

இப்படி ஒரு விதியின் முன் தனியொரு பெண் வீரம் காட்டி விசாவை இழக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். அந்தச் சுமை அவளுடையதல்ல. ஆனால் வாசலைக் கடந்தவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. எதைக் கொடுத்துக் கடந்தோம் என்பதை, பின்னால் வரிசையில் நிற்பவளிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், தகுதியால் கடந்தோம் என்று நாமும் நம்பிவிடுவோம். தகுதி போதாததால் தடுக்கப்பட்டோம் என்று அவளும் நம்பிவிடுவாள்.

அவளுக்கு விசா கிடைத்தது. போய்விட்டு, சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். அவள் எழுதுவதற்கு முன் என் பங்கை நான் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.