அங்கன்வாடிக்கு மூன்றாவது ஆள்

அரசு ஊழியருக்குச் சம்பளத்தை உயர்த்தினால் வேலை தானாக நடக்கும் என்பார் சிலர். எவ்வளவு கொடுத்தாலும் நடக்காது, கண்காணிப்பை இறுக்க வேண்டும் என்பார் வேறு சிலர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் கூரம் போன்ற ஓர் ஊரின் அங்கன்வாடிக்குள் நுழைந்து பார்த்தால் இரண்டு பேச்சும் எடுபடாது. அங்கே ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். உதவியாளர் அடுப்படியில் இருப்பார். குழந்தைகளை எடை பார்ப்பது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, பதிவேடு எழுதுவது, செல்போனில் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியை நிரப்புவது எல்லாம் பணியாளர் தலையில். பாட்டும் கதையும் சொல்லித்தர வேண்டிய நேரம் இதிலேயே கரைந்துவிடுகிறது. வந்த வேலையைச் செய்ய முடியாத மனச்சோர்வுக்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது அநியாயம்.

இந்தோனேசியாவில் 2005-இல் சட்டம் இயற்றி, தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்துக்கு இணையான தொகையைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது. மாணவர்களின் கற்றல் கூடவில்லை என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். தமிழ்நாட்டிலோ 320 அங்கன்வாடிகளை எடுத்து, அவற்றில் பாதிக்கு மட்டும் சொல்லிக்கொடுக்க ஓர் அரைநேர ஆளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் குழந்தைகளின் கணக்கும் மொழியும் தேறின. ஊட்டச்சத்துக் குறைவும் தணிந்தது. வேலையைத் திருந்தச் செய்ய வழியிருப்பதில் பிறக்கும் நிறைவே பலன் தருகிறது என்று இவ்விரண்டையும் சேர்த்து முடிவு கட்டலாம். அப்படியானால் சம்பளம் குறைவாகவே இருக்கட்டும் என்று வாதிடுவோர் உண்டு. அது தவறு. உழைத்தவருக்கு உரிய ஊதியம், பலனைக் கணக்குப் பார்க்காமல் தீர்க்க வேண்டிய கடன். அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டென்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை அந்தக் கடனின் ஒரு பகுதியைக்கூட மறுத்து வாதாடிக்கொண்டிருந்தோம்.

மனக்குறை இருப்பதால் வேலையைத் தட்டிக்கழிக்கலாமா என்றால், கூடாது. அங்கன்வாடிக் குழந்தைக்குப் போக வேறு இடம் இல்லை. மூன்று வயது திரும்பியும் வராது. இதே மாவட்டத்து உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பொறுப்பில் இருந்தும் கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் குடவோலைத் தேர்தலிலிருந்து விலக்கியது. அந்தக் கண்டிப்பு இன்றும் தேவை. ஆனால் ஊழியரிடம் கணக்குக் கேட்கும் அரசு, காலிப் பணியிடங்களுக்குத் தானும் கணக்குச் சொல்லட்டும். முதலில் அங்கன்வாடிக்கு அந்த மூன்றாவது ஆளை நியமிக்கட்டும்.