‘நான்’ எவ்வளவு தூரம்?

டெரிக் பார்ஃபிட் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது வரலாறு. பிறகு தத்துவத்துக்குத் தாவினார். ஆல் சோல்ஸ் கல்லூரியில் ஆய்வாளர் பதவி கிடைத்தது. வகுப்பெடுக்கும் கட்டாயம் இல்லாத வேலை, பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கட்டத்தில் புத்தகம் எங்கே என்று கல்லூரி கேட்டுவிட்டது. அந்த நெருக்கடியில் 1984-இல் வந்ததுதான் ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’.

அந்த நூலில் அவர் சொன்னது இது: நேற்றைய என்னையும் நாளைய என்னையும் இணைப்பது நினைவு, எண்ணம், குணம் இவற்றின் தொடர்ச்சிதான். அதற்கு அடியில் தனியே ஒரு ‘நான்’ கிடையாது. புத்தரும் இதை ஏற்றிருப்பார் என்று அதிலேயே எழுதினார். அப்படியானால் மரணம்? என் அனுபவங்களின் நேரடித் தொடர்ச்சி நின்றுபோகும், அவ்வளவுதான். என் சொல்லும் செயலும் தொட்ட மனங்கள் மிச்சமிருக்கும். இது தனக்கு ஆறுதல் தந்தது என்றார் பார்ஃபிட்.

சாவு வீட்டில் போய் இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. தன் சாவைப் பற்றிய பயத்தைக் குறைக்கும் இந்த வாதம், பிறரை இழந்தவரின் துக்கத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை.

பின்னாளில் அவரை அரித்த கவலை வேறு: சரி, தவறு என்பவை வெறும் விருப்பு வெறுப்புகள்தானா? இல்லை என்று நிறுவ ‘ஆன் வாட் மேட்டர்ஸ்’ நூலை மூன்று தொகுதிகளாக எழுதினார். முதல் இரண்டு 2011-இல் வந்தன. மூன்றாவது, அவர் இறந்த 2017-இல்.