வேலியும் விருந்தும்

அக்னீஷ்கா ஹோலண்ட் இயக்கிய 'கிரீன் பார்டர்' (2023) படத்தில், கர்ப்பிணியான அகதிப் பெண் ஒருத்தியைப் போலந்து எல்லைக் காவலர்கள் தூக்கி முள்கம்பிக்கு மேலாக பெலாரஸ் பக்கம் வீசுகிறார்கள். அதே படையில் பணிபுரியும் யான் என்பவனின் மனைவியும் பிள்ளைத்தாய்ச்சிதான். அவள் வயிற்றில் இருப்பது வாரிசு. இவள் வயிற்றில் இருப்பது ஊடுருவல். தாய்மையைப் போற்றும் அரசுகள் எந்தத் தாயை என்று மட்டும் சொல்வதில்லை.

2021இல் பெலாரஸ் அரசு விசா கொடுத்து வரவழைத்த சிரியர்களும் ஆப்கானியர்களும் இரு நாட்டுப் படைகளுக்கும் நடுவே காட்டில் பந்தாடப்பட்டார்கள். சில மாதங்களில், 2022 பிப்ரவரியில், உக்ரைனிலிருந்து லட்சக்கணக்கானோர் வந்தார்கள். அதே போலந்து கதவைத் திறந்தது. படமும் அந்தக் காட்சியோடுதான் முடிகிறது.

உக்ரைனியருக்குக் காட்டிய அன்பைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அது மெய் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. லட்சம் பேருக்குச் சோறும் கூரையும் தர முடிந்தவர்கள், காட்டில் நின்ற சில ஆயிரம் பேரைப் பார்த்து 'எங்களால் முடியாது' என்றார்கள். இயலாமை அல்ல அது, தேர்வு.

தமிழில் 'விருந்து' என்றால் முதலில் புதுமை என்றே பொருள். முன்பின் அறியாதவர் என்பதாலேயே ஒருவர் விருந்தினர் ஆனார். நம்மைப் போன்றவருக்குக் கதவு திறப்பதற்கு உறவு போதும். நம்மைப் போல் இல்லாத ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலியருகே நிற்கும்போதுதான் அறம் என்ற சொல்லுக்கு வேலை வருகிறது.