சத்ருஞ்ஜய மலையும் காலடி நோக்கும்



குஜராத் மாநிலம் பாவ்நகர் மாவட்டத்தில், பாலிதானா நகரை அடுத்து உயர்ந்து நிற்பது சத்ருஞ்ஜயம் என்னும் சித்த க்ஷேத்திரம். பகையை வெல்வது என்பது அப்பெயரின் பொருள். பகையாவன நம் வினைகளே. ஏறத்தாழ 3,500 படிகளைக் கடந்து உச்சியை அடைந்தால், மதில்களுக்குள் 800க்கும் மேற்பட்ட ஜினாலயங்கள் நிரல்படத் திகழக் காண்கிறோம். அவற்றுள் தலையாயது ஸ்ரீ ஆதிநாத பகவான் ஆலயம். திகம்பர ஆலயமும் ஆங்குண்டு. வானம் தெளிந்த நாளில், தொலைவில் கம்பாத் வளைகுடாவின் கடற்பரப்பும் புலனாகும்.

அக்கடலைக் காணும் ஆவல் கால்களை விரைவிக்கும். ஆனால் முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. பகலொளியில், முன்னே நான்கு முழ அளவு நிலத்தை நோக்கி, ஓருயிர்க்கும் ஊறு நேராவண்ணம் நடத்தலே அது. இல்லறத்தாராகிய நாம் அதனை முழுமையாக ஏற்க இயலாது. ஆயினும் படியேறும் பொழுதளவேனும் பழகலாமன்றோ? ஊரும் எறும்பை மிதித்து உச்சியை அடைந்தால், மலையை ஏறியவர் ஆவோம். பகையை வென்றவர் ஆகோம்.

இம்மலையில் தவத்தில் நின்ற பாண்டவர் ஐவர்க்கும், பழுக்கக் காய்ச்சிய இரும்பு அணிகளைப் பகைவர் பூட்டினர் எனப் புராணம் கூறும். தருமர், பீமர், அருச்சுனர் மூவரும் ஆன்ம தியானத்தில் நிலைத்து முக்தி எய்தினர். நகுல சகதேவரோ தம் வேதனையைப் பொறுத்தும், தமையன்மார் படும் வேதனையை எண்ணிச் சிறிதே கலங்கினர். ஆதலின் சர்வார்த்தசித்தியில் தேவராயினர். வெறுப்பன்று, அன்பே அவர்க்குத் தடையாயிற்று!

இதனால், உற்றாரிடம் பரிவு காட்டுதல் தவறோ என மயங்க வேண்டா. துறந்தார்க்குத் தடையாவது இல்லறத்தார்க்குக் கடமை. முழங்கால் நோவால் தளர்ந்த தாயை நடுவழியில் விட்டு முன்னே ஓடி வணங்குதல் யாத்திரையாகாது. அவர் கைபற்றிப் படிப்படியாய் ஏறுவோம். மெல்ல நடப்பவர் கண்ணுக்கே எறும்பும் புலப்படும்.

பொழுது சாயுமுன் யாத்திரிகர் அனைவரும் இறங்கிவிடல் அம்மலையின் வழக்கு. உச்சி எவர்க்கும் இருப்பிடமன்று. அங்கிருந்து நாம் கொணரத்தக்கது காலடி நோக்கு ஒன்றே. பிறவிக் கடலைக் கடக்கத் துறை அமைத்தவர் ஆதலின் பகவானைத் தீர்த்தங்கரர் என்கிறோம். கடலைக் கண்டு நிற்பதால் மட்டும் கரை சேர்வதில்லை. அத்துறை நோக்கி ஒவ்வோர் அடியையும் காத்து வைத்தல் வேண்டும். நம் வீட்டு வாயிலிலும் வயல் வரப்பிலும் அந்நோக்கு தொடர்வதாகுக.

வளர்க ஜினதர்மம்!